ஆபத்து வேளையில் குகை: ஒதுங்கும் முன் பார்க்கவேண்டியவை

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு யூலை மாதம், ஒன்ராறியோவின் புரூஸ் தீபகற்பத்தில் இரண்டு குடும்பங்களாக ஒன்பது பேர் நடக்கப் போயிருந்தோம். பிற்பகல் மூன்று மணியளவில் இடியும் மழையும் ஒன்றாக வந்துவிட்டன. பாதையோரத்தில் பாறை ஒன்று வீட்டுத் தாழ்வாரம் போல முன்னுக்கு நீண்டு நின்றது. "எல்லாரும் இதுக்குள்ள வாங்கோ" என்று கூப்பிட்டது நான்தான். பிள்ளைகள் நனையாமல் நிற்கிறார்கள் என்ற பெருமையோடு இருபது நிமிடம் அங்கே நின்றேன். கார் நின்ற இடம் பத்து நிமிட நடைதான்.

அன்றிரவு வீட்டுக்கு வந்து வாசித்தபோதுதான், அந்தச் சுற்றாடலில் நான் தெரிந்தெடுத்தது மிக மோசமான இடங்களில் ஒன்று என்று தெரிந்தது. பாறையில் இறங்கும் மின்னல் அதன் மேற்பரப்பு வழியாக ஓடும். ஆழமில்லாத குகையின் வாசலிலோ பாறைத் தாழ்வாரத்தின் கீழோ அது வந்து சேரும்போது, மேல் விளிம்பிலிருந்து தரைக்குப் பாயும். நடுவில் நிற்கும் மனிதன் அதற்கு ஒரு பாலம். நனைந்துகொண்டே நடந்து காருக்குள் ஏறிக் கதவைச் சாத்தியிருக்க வேண்டும்.

நான் கணக்காளன். மலையேறியும் இல்லை, புவியியல் படித்தவனும் இல்லை. ஆனால் அன்றைய தவறு என்னை விடவில்லை. இப்போது மகள் பல்கலைக்கழகத்தில் குகை ஆராயும் குழு ஒன்றில் சேர்ந்திருக்கிறாள். "நீங்கள் பங்கருக்குள்ள இருந்து வந்த ஆக்கள்தானே அப்பா, ஏன் இப்பிடிப் பயப்பிடுறீங்கள்?" என்று கேட்கிறாள். அவளுக்குப் பதில் சொல்வதற்காகச் சேர்த்தவைதான் இங்கே இருப்பவை. நோர்வேயிலும் சுவிசிலும் பிரித்தானியாவிலும் எங்கள் பிள்ளைகள் மலைப்பக்கம் போகிறார்கள். பெற்றோருக்கும் இது தெரிந்திருப்பது நல்லது.

பங்கரில் படித்தது

யாழ்ப்பாணத்தில் எங்கள் வளவுக்குள் மாமரத்தடியில் அப்பா பங்கர் வெட்டத் தொடங்கி நான்கு அடியில் கல்லில் முட்டினார். குடாநாட்டின் அடி முழுவதும் சுண்ணாம்புக்கல். மிச்ச உயரத்தை மேலே எழுப்பி, பனங்குற்றி அடுக்கி, உரப்பையில் மண் நிரப்பி மூடினோம். அவருக்கு இரண்டு பிடிவாதங்கள் இருந்தன. வாசல் நேராக இருக்கக்கூடாது, இறங்கியதும் ஒரு முடக்கு வேண்டும். மறுபக்கத்தில் ஒரு ஆள் தவழ்ந்து வெளியேற ஓட்டை வேண்டும். கார்த்திகை மழையில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும். ஒருமுறை எண்ணெய் விரியனும் எங்களுக்கு முன்னமே அங்கே போய் இருந்தது.

அதே ஒழுங்கையில் இன்னொரு வீட்டுப் பங்கருக்கு அந்தப் பின் ஓட்டை இல்லை. 1990 இல் ஷெல் விழுந்து வாசல் மண் சரிந்தபோது உள்ளே நான்கு பேர். நாங்கள் மண்ணை அள்ளி முடிக்க முக்கால் மணித்தியாலம் எடுத்தது. அவர்களின் உடம்பில் ஒரு கீறலும் இருக்கவில்லை. மூச்சுமுட்டித்தான் போனார்கள்.

குகைகளைப் பற்றி வாசிக்க வாசிக்க, அப்பாவின் அந்த இரண்டு பிடிவாதங்களும் உலகத்தின் வேறு மூலைகளில் வேறு மனிதர்களாலும் கண்டுபிடிக்கப்பட்டவை என்று தெரியவந்தது.

344 நாட்கள்

குகையில் ஒளித்து உயிர்தப்பிய கதைகளில் நான் அறிந்தவரை மிகப் பெரியது மேற்கு உக்ரேனில் நடந்தது. கொரோலிவ்கா என்ற ஊரைச் சேர்ந்த யூதக் குடும்பங்கள் சில, நாசிப் படைகள் ஆட்களைப் பிடித்துக்கொண்டிருந்த 1942 ஒக்ரோபரில், வெர்த்தெபா என்ற குகைக்குள் போனார்கள். அவர்களில் ஸ்ரேர்மர் குடும்பத்தை வழிநடத்தியவர் எஸ்தர் ஸ்ரேர்மர் என்ற தாய். பிற்காலத்தில் தன் நினைவுகளை எழுதி வைத்தவரும் அவரே.

வெர்த்தெபா ஊராருக்கு ஏற்கெனவே தெரிந்த குகை. அதுதான் முதல் குறை. அங்கே ஓடும் தண்ணீர் இல்லை, சுவரில் வடியும் துளிகளைப் பாத்திரம் வைத்துப் பிடித்தார்கள். காற்றோட்டம் போதாததால் சமைத்தால் புகை வெளியே போகாமல் உள்ளே நின்றது. 1943 இன் முற்பகுதியில் கெஸ்ராப்போ உள்ளே வந்தது. சிலர் பிடிபட்டார்கள். மற்றவர்கள் தப்பியதற்குக் காரணம், அவர்கள் முன்யோசனையாகத் தோண்டி வைத்திருந்த இரண்டாவது வழி. இந்த இடத்தை வாசித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சற்று நேரம் வெளியே போய் நின்றேன்.

1943 மே 5 ஆம் திகதி இரவு 38 பேர் இன்னொரு குகைக்குள் இறங்கினார்கள். ஒரு பாதிரியாரின் நிலத்தில் இருந்த பள்ளத்தின் அடியில் அதன் வாசல் இருந்தது. அதனால் ஊரார் அதைப் பாதிரியாரின் கிடங்கு என்றார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று எவருக்கும் தெரியாது. இன்று அது ஒசெர்னா என்ற பெயரில் 100 கிலோமீற்றருக்கும் மேற்பட்ட சுரங்கப் பாதைகள் கொண்ட ஜிப்சக் குகையாக அளக்கப்பட்டிருக்கிறது, உலகின் நீளமான குகைகளில் ஒன்று. அவர்களுக்கு முக்கியமாக இருந்தவை இரண்டு. உள்ளே நிலத்தடி ஏரி இருந்தது. சமையல் புகையை இழுத்துக்கொள்ளும் வெடிப்புகள் மேலே இருந்தன.

இந்த இடத்தில் என் தொழில் புத்தி வேலை செய்தது. 38 பேர், 344 நாட்கள்: பெருக்கினால் 13,072 ஆள்நாட்கள். ஒருவருக்கு நாளுக்கு 2 லீற்றர் தண்ணீர் என்று வைத்தால் 26,000 லீற்றருக்கு மேல். அந்தத் தண்ணீரை வெளியிலிருந்து தூக்கியிருந்தால் முதல் வாரத்திலேயே பிடிபட்டிருப்பார்கள். ஏரி அவர்களுக்குக் கொடுத்தது தண்ணீரை மட்டுமா, வெளியே போகாமல் இருக்கும் சுதந்திரத்தையும்தான். சாப்பாட்டுக்கு நாளுக்கு 300 கிராம் என்று மிகக் குறைவாகப் போட்டாலும் மொத்தம் 3,900 கிலோவைத் தாண்டும். கிழங்கு, மா, மண்ணெண்ணெய், விறகு எல்லாவற்றையும் ஆண்கள் இரவில் வெளியே போய்க் கொண்டுவந்தார்கள். அவர்களுக்கு உதவிய ஒரு காட்டுக் காவலர் இருந்தார். மாவரைக்கத் திரிகைக் கல் ஒன்றையும் உள்ளே இறக்கினார்கள். பெண்களிலும் பிள்ளைகளிலும் பலர் அந்த 344 நாட்களும் ஒருமுறைகூட வெளியே வரவில்லை.

வெளிச்சம்தான் அதைவிட இறுக்கமான கணக்கு. விளக்கு நாளில் சில தடவைகள், அதுவும் சமைத்துச் சாப்பிடும் நேரத்துக்கு மட்டும். மிச்ச நேரம் இருட்டில் படுத்தே கிடந்தார்கள். சில நாட்களில் 20 மணித்தியாலங்களுக்கும் மேல் நித்திரை கொண்டார்கள். அது சோம்பல் இல்லை. அசையாத உடம்புக்குச் சாப்பாடு குறைவாகப் போதும். பொருளாதாரத் தடைக் காலத்தில் ஜாம் போத்தலில் திரி போட்டு, ஒரு கரண்டி மண்ணெண்ணெயில் படித்த எங்களுக்கு இந்த வரவுசெலவு விளங்கும்.

1943 கோடையில் ஊரவர் சிலர் வாசலை மண் போட்டு மூடிவிட்டார்கள். உள்ளே இருந்தவர்கள் நாட்கணக்காகத் தோண்டி வேறு வழி திறந்தார்கள். அடுத்த வருடம் ஏப்ரலில் குழியின் அடியில் ஒரு போத்தல் கிடந்தது. உள்ளே இருந்த கடதாசி, ஜேர்மன்காரர் போய்விட்டார்கள் என்ற செய்தியைச் சொன்னது. அவசரப்படாமல் பொறுத்திருந்து ஏப்ரல் 12 ஆம் திகதி வெளியே வந்தார்கள். 38 பேரும் உயிரோடு. அவர்களில் ஒரு சிறுமி சூரியனைப் பார்த்து, அந்த விளக்கை அணைக்கச் சொல்லித் தாயைக் கேட்டாளாம். சூரியன் எப்படி இருக்கும் என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது.

அகதி முகாம் வாழ்க்கைக்குப் பிறகு ஸ்ரேர்மர் குடும்பம் கனடாவுக்கு வந்து மொன்றியலில் குடியேறியது. எஸ்தரின் புத்தகம் 1975 இல் அங்கேதான் வெளிவந்தது. 1993 இல் நியூயோர்க்கைச் சேர்ந்த குகை ஆராய்ச்சியாளர் கிறிஸ் நிக்கோலா அந்தக் குகைக்குள் போனபோது செருப்பு, பொத்தான், திரிகைக் கல் எல்லாம் இருந்த இடத்திலேயே கிடந்தன. அவை யாருடையவை என்று தேடி அந்தக் குடும்பங்களைக் கண்டுபிடிக்க அவருக்குப் பல வருடங்கள் பிடித்தன.

குளிர், காற்று, தண்ணீர்

மேலே சொன்னது வருடக் கணக்கில் ஒளித்திருந்தவர்களின் கதை. ஒரு இரவு அகப்பட்டுக்கொள்ளும் எங்களுக்கு முதல் எதிரி குளிர்.

ஆழமான குகையின் உட்பகுதி, அந்த ஊரின் வருட சராசரி வெப்பநிலையிலேயே எப்போதும் இருக்கும். கோடையும் மாரியும் அங்கே தெரிவதில்லை. ஊரில் என்றால் அது 28 பாகை செல்சியஸ் அளவில் வரும், பனியன் போதும். தெற்கு ஒன்ராறியோவில் அது 8 அல்லது 9 பாகை. வெளியே மறை 20 பாகைக் குளிர் அடிக்கும்போது அந்த 8 பாகை சொர்க்கம். ஆனால் யூலை மாத மழையில் நனைந்த ரீசேர்ட்டோடு உள்ளே போனவருக்கு அதே 8 பாகை ஆபத்து. உடம்பின் உள்வெப்பம் 35 பாகைக்குக் கீழே இறங்கத் தொடங்கினால் முதலில் நடுக்கம், பிறகு நாக்குத் தடுமாற்றம், பிறகு புத்தித் தடுமாற்றம். நடுக்கம் நின்றுவிட்டதென்றால் ஆள் தேறிவிட்டார் என்று எண்ணவேண்டாம், நிலைமை முற்றிவிட்டது.

ஆகவே ஈர உடுப்பைக் கழற்றிப் பிழிந்துவிட்டு உலர்ந்தது ஏதும் இருந்தால் போடவேண்டும். கல்லில் நேரே இருக்கக்கூடாது, காற்றைவிடக் கல் வேகமாகச் சூட்டை உறிஞ்சும். சருகு, கிளை, பை, கயிறு, எது கிடைத்தாலும் அடியில் போட்டு அதன்மேல் நெருங்கி உட்காரவேண்டும். பெரிய மண்டபம் போன்ற குகையைவிடச் சிறிய பொந்து நல்லது. குளிர்காற்று பாரமானது. வாசலிலிருந்து கீழ்நோக்கிச் சரியும் குகையில் மாரிக்காற்று இறங்கித் தங்கிவிடும். நயாகரா செங்குத்துப் பாறைத் தொடரின் ஆழமான சில வெடிப்புகளில் வசந்தம் முடிந்த பிறகும் பனிக்கட்டி கிடப்பது இதனால்தான். வாசலிலிருந்து சற்று மேல்நோக்கி ஏறும் இடத்தில் காற்று ஒதுங்கியிருக்கும்.

நெருப்பு மூட்டலாமா என்பது எல்லாரும் கேட்கும் கேள்வி. தாழ்ந்த கூரைக்குக் கீழே கூடாது. கல்லின் வெடிப்புகளில் உள்ள ஈரம் ஆவியாகும்போதும், ஒரு பக்கம் மட்டும் சூடேறி விரியும்போதும் பலகை பலகையாகப் பாறை கழன்று விழும். வாசலுக்கு வெளியே, காற்று உள்ளே அடிக்காத பக்கத்தில் மூட்டுவதுதான் புத்தி. புகையோடு வரும் காபனோரொட்சைட்டுக்கு நிறமும் மணமும் இல்லை. கனடாவில் குளிர்காலத்தில் மின்சாரம் நின்றால் பார்பிக்கியூ அடுப்பை வீட்டுக்குள் எடுக்கவேண்டாம் என்று ஒவ்வொரு முறையும் அறிவிப்பது இதே நஞ்சுக்காகத்தான்.

காபனீரொட்சைட்டு காற்றைவிடப் பாரமானது. காற்று அசையாத தாழ்ந்த குழிகளில் அது தேங்கும். மெழுகுதிரி எரிகிறது, ஆகவே காற்று நல்லது என்று பழையவர்கள் சொல்வதுண்டு. அதை நம்பக்கூடாது. சுவாலை அணைவதற்கு முன்பே காபனீரொட்சைட்டு ஆளை மயக்கும் அளவுக்கு ஏறியிருக்கலாம். காரணமில்லாத தலையிடி, ஓடாமலே மூச்சிரைப்பு என்றால் வந்த வழியே எழும்பிப் போகவேண்டும். பழைய சுரங்கங்களைக் குகை என்று எண்ணி நுழைவது இதைவிடப் பெரிய பிழை. மரத்தூண் உக்கியிருக்கும், கெட்ட காற்று நிற்கும், தரையில் ஆழக் குழிகள் இருக்கும். கைவிடப்பட்ட சுரங்கத்துக்குள் எந்தக் காரணத்துக்காகவும் போகவேண்டாம்.

தண்ணீரைப் பற்றித் தாய்லாந்து உலகத்துக்கே பாடம் எடுத்தது. 2018 யூன் 23 ஆம் திகதி, சியாங்ராய் மாகாணத்தின் தாம் லுவாங் குகைக்குள் 12 சிறுவர்களும் அவர்களின் 25 வயது உதைபந்தாட்டப் பயிற்றுநரும் போனார்கள். அங்கே ஒரு எச்சரிக்கைப் பலகை இருந்தது, வெள்ளக் காலம் யூலையிலிருந்து நவம்பர் வரை என்று. அவர்கள் போனது யூன் மாதம். மழை நாட்காட்டி பார்ப்பதில்லை. தண்ணீர் பின்னால் ஏற, அவர்கள் உள்ளே உள்ளே ஒதுங்கி, வாசலிலிருந்து ஏறக்குறைய 4 கிலோமீற்றர் தூரத்தில் ஒரு மேட்டில் ஏறிக்கொண்டார்கள். யூலை 2 ஆம் திகதி பிரித்தானியச் சுழியோடிகள் ரிக் ஸ்ரான்ரனும் ஜோன் வொலாந்தனும் கண்டுபிடிக்கும்வரை சாப்பாடு இல்லை. கூரையிலிருந்து வடிந்த தண்ணீரைக் குடித்தார்கள், கீழே ஓடிய கலங்கல் வெள்ளத்தைத் தொடவில்லை. முன்னர் துறவியாக இருந்த பயிற்றுநர் அவர்களைத் தியானத்தில் அமைதியாக இருக்கச் செய்தார். மீட்பு வேலையின்போது அந்த மேட்டில் ஒட்சிசன் 15 சதவீதமாகக் குறைந்திருந்தது. வழமையில் அது 21. யூலை 6 ஆம் திகதி சமன் குனன் என்ற முன்னாள் கடற்படைச் சுழியோடி காற்றுச் சிலிண்டர்களை வைத்துவிட்டுத் திரும்பும் வழியில் உயிரிழந்தார். 10 ஆம் திகதிக்குள் 13 பேரும் வெளியே வந்தார்கள்.

எங்கள் வாசகர்களுக்காக ஒரு விடயம் சேர்க்கவேண்டும். அந்தப் 13 பேரில் பயிற்றுநரும் மூன்று சிறுவர்களும் நாடற்றவர்கள், கையில் எந்த நாட்டுக் குடியுரிமையும் இல்லாதவர்கள். சுழியோடிகளோடு ஆங்கிலத்தில் கதைத்த சிறுவன் அதுல், மியன்மார் எல்லைக்கு அப்பாலிருந்து வந்தவன். அவர்களுக்குக் குடியுரிமை அந்த ஓகஸ்ற் மாதம் கிடைத்தது. அதற்கு இப்படி ஒரு குகை தேவைப்பட்டது என்பதைத்தான் ஜீரணிக்க முடியவில்லை.

வெள்ளம் வரும் குகையை முன்கூட்டியே அறியலாம். சுவரில் சேற்றுக்கோடு எவ்வளவு உயரத்தில் இருக்கிறது? கூரை வெடிப்புகளில் சுள்ளி, புல், காய்ந்த நுரை ஒட்டியிருக்கிறதா? தரையில் உருண்டைக் கல்லும் கழுவிய மணலும் கிடக்கிறதா? அப்படியென்றால் அது ஆற்றின் வீடு, நீங்கள் வாடகைக்காரர்கூட இல்லை. மேலே வானம் தெளிவாக இருந்தாலும் பல கிலோமீற்றருக்கு அப்பால் பெய்த மழை உள்ளே வரும். 1967 யூன் 24 ஆம் திகதி இங்கிலாந்தின் யோர்க்ஷயரில் மொஸ்டேல் குகைக்குள் வெள்ளம் புகுந்து அனுபவமுள்ள ஆறு இளைஞர்கள் இறந்தார்கள். கடற்கரைக் குகை என்றால் வற்றுப்பெருக்கு நேரம் தெரியாமல் கால் வைக்கவேண்டாம்.

போரில் குகை

குண்டுக்கு ஒதுங்கியவர்களின் கதை இரண்டு பக்கமும் வெட்டும். லாவோசின் வியெங்சாய் பகுதியில் 1964 முதல் 1973 வரை 20,000 பேருக்கு மேல் சுண்ணாம்புக் குகைகளில் வாழ்ந்தார்கள். வைத்தியசாலை, பள்ளிக்கூடம், அச்சகம் எல்லாம் மலைக்குள். வாசலுக்கு முன்னால் தடுப்புச் சுவர், நச்சுவாயு வந்தால் ஒதுங்கக் காற்றுப்புகாத அறை. அதே நாட்டில் சியெங்குவாங் மாகாணத்தின் தாம் பியூ குகை ஒரு பெரிய, நேரான, தூரத்திலிருந்தே தெரியும் வாயைக் கொண்டது. 1968 நவம்பர் 24 ஆம் திகதி விமானத்திலிருந்து ஏவப்பட்ட றொக்கற் அந்த வாய்க்குள் போனது. உள்ளே இறந்தவர்கள் 374 பேர் என்று அங்குள்ள நினைவிடம் சொல்கிறது. அப்பா ஏன் முடக்கு வைத்தார் என்று விளக்க இதைவிட வேறு உதாரணம் என்னிடம் இல்லை.

ஒக்கினாவாத் தீவின் யொமித்தான் கிராமத்தில் ஒன்றுக்கொன்று அண்மையில் இரண்டு குகைகள். 1945 ஏப்ரல் தொடக்கத்தில் அமெரிக்கப் படை இறங்கியபோது சிபிசிரி குகைக்குள் ஏறக்குறைய 140 பேர் இருந்தார்கள். பிடிபட்டால் சித்திரவதைதான் என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது. அவர்களில் 80க்கும் மேற்பட்டோர் ஒருவரையொருவர் கொன்றும் தம்மை மாய்த்தும் இறந்தார்கள், பெரும்பகுதி பிள்ளைகள். சிமுக்கு குகைக்குள் 1,000 பேர் வரை இருந்தார்கள். அங்கே ஹவாயில் வேலைசெய்து திரும்பிய இருவர் இருந்தனர். அமெரிக்கர்கள் பொதுமக்களைக் கொல்லமாட்டார்கள் என்று அவர்கள் ஊராரிடம் வாதாடி, தாங்களே வெளியே போய் ஆங்கிலத்தில் பேசினார்கள். அத்தனை பேரும் உயிரோடு வெளியே வந்தார்கள். பாறை இரண்டு இடத்திலும் ஒன்றுதான். கடல்கடந்து போய்வந்த இரண்டு பேர் ஒரு குகையில் இருந்தார்கள், மற்றதில் இல்லை.

முன்னவர்கள் வெட்டிய கோடு

இலங்கையிலும் தமிழ்நாட்டிலும் பழைய துறவிகள் தங்கிய குகைகளின் நெற்றியில் நீளமாக ஒரு விளிம்பு வெட்டப்பட்டிருக்கும். மலைமேல் விழும் மழை, பாறையோடு ஒட்டி வழிந்து கூரையின் உட்புறமாக உள்ளே வரும். அந்த விளிம்பில் முட்டியதும் அது துளியாகி வெளியே விழுந்துவிடும். மதுரைக்கு அருகிலுள்ள மாங்குளத்தில், எங்கள் வன்னி மாங்குளம் இல்லை, இப்படிப்பட்ட குகைகளில் 2,000 வருடங்களுக்கு மேற்பட்ட தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகள் உள்ளன. நெடுஞ்செழியன் பெயரும் அவற்றில் வருகிறது. இலங்கைக் குகைகளின் பிராமி எழுத்துகளும் பெரும்பாலும் அந்த நீர்வடி விளிம்பை ஒட்டியே வெட்டப்பட்டவை. யார் கொடுத்த குகை என்று சண்டைபிடிக்கும் ஆராய்ச்சிகள் நிறைய. நான் பார்ப்பது அந்த ஒரு கோட்டை. இயற்கைக் குகை அப்படியே வீடாகாது, யாரோ ஏறி நின்று உளி பிடித்திருக்கிறார்கள். எங்களிடம் உளி இருக்காது. ஆனால் கூரையில் தண்ணீர் வழிந்த கறுப்புத் தடம் எங்கே முடிகிறது என்று பார்த்து, அதற்கு அப்பால் படுக்கலாம்.

உள்ளே முன்னமே இருப்பவர்கள்

கரடிச் சாணமோ எலும்போ கிடந்தால், மயிர் ஒட்டிய படுக்கை தெரிந்தால் சத்தமில்லாமல் பின்னால் போகவேண்டும். வௌவாலைக் கையால் தொடக்கூடாது. அதன் கடியில் விசர்நாய்க்கடி நோய் வரும், காயம் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிதாகக்கூட இருக்கலாம். தொட்டுவிட்டால் அன்றைக்கே வைத்தியரிடம் போய் ஊசி போடவேண்டும், காய்ச்சல் வரும்வரை பார்த்திருந்தால் பிறகு மருந்து இல்லை. வௌவால் எச்சத்தூசியைச் சுவாசிப்பதால் நுரையீரலில் பூஞ்சை நோயும் வரலாம். எங்களால் அவைக்கும் ஆபத்து உண்டு. 2006 இல் நியூயோர்க் மாநிலக் குகையில் முதன்முதல் காணப்பட்ட வெண்மூக்கு நோய் வட அமெரிக்காவில் வௌவால்களை இலட்சக்கணக்கில் அழித்துவிட்டது. அந்தப் பூஞ்சை மனிதரின் சப்பாத்திலும் உடுப்பிலும் ஒட்டி இன்னொரு குகைக்குப் போகும். மாரியில் உறங்கும் வௌவாலை எழுப்பினால் அது சேமித்த கொழுப்பைச் செலவழித்து வசந்தத்துக்கு முன் பட்டினியில் சாகும்.

மகளுடன் செய்த ஒப்பந்தம்

உயிராபத்தான குளிர்காற்றோ பனிப்புயலோ அடித்து, வேறு போக்கிடம் இல்லாதபோது மட்டும் குகை. அப்போதும் வாசல் வெளிச்சம் தெரியும் தூரத்துக்கு அப்பால் போவதில்லை. வாசலில் நிறமான உடுப்போ பையோ கட்டித் தொங்கவிட வேண்டும், தேடுபவர்கள் பாறைக்குள் பார்ப்பதில்லை. கைத்தொலைபேசி உள்ளே வேலை செய்யாது, ஆகவே நுழைவதற்கு முன்பே அழைப்பை எடுக்கவேண்டும். கனடாவில் 911, ஐரோப்பாவில் 112. பிரித்தானியாவில் 999 எடுத்தால் முதலில் பொலிசைக் கேட்டு, பிறகு குகை மீட்புக் குழு வேண்டும் என்று சொல்லவேண்டும். அவர்கள் தொண்டர்கள், யோர்க்ஷயர்க் குழு 1935 இலிருந்து இயங்குகிறது.

குழுவோடு முறையாகப் போகும் நாளுக்கு வேறு விதி. ஆளுக்கு மூன்று தனித்தனி விளக்குகள், ஒன்று தலைக்கவசத்தில். மாற்றுப் பற்றரி. பருத்தி உடுப்பு கிடையாது, நனைந்தால் அது குளிரைப் பிடித்து வைத்திருக்கும், கம்பளி நல்லது. ஒரு பெரிய குப்பைப் பை, கழுத்துக்கு ஓட்டை போட்டால் மழைச்சட்டை, உள்ளே மெழுகுதிரியோடு குந்தினால் கூடாரம். ஆனால் முகம் மட்டும் வெளியே இருக்கவேண்டும்.

கடைசியாக ஒரு துண்டு. எந்தக் குகை, எத்தனை பேர், எத்தனை மணிக்கு வெளியே வருவோம், எத்தனை மணிவரை அழைப்பு வராவிட்டால் எந்த இலக்கத்துக்கு அறிவிப்பது என்று எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிவிட்டுப் போவாள். போன மாதத் துண்டில் மாலை 6 மணிக்கு வருவோம், 8 மணிவரை பொறுக்கவும் என்று இருந்தது. 6 மணியிலிருந்து மனைவி அந்தத் துண்டுக்கு முன்னால் நின்றா. நான் மேசையில் இருந்து ஒருவருடைய வருமானவரிப் படிவத்தின் ஒரே கூட்டலை நான்கு தடவை பிழையாகக் கூட்டினேன். 7.20க்கு மணி அடித்தது. முதலில் கேட்டது தண்ணீர் சொட்டும் சத்தம், பிறகு அவளுடைய சிரிப்பு. "அம்மாட்டச் சொல்லுங்கோ, பின்னால இன்னொரு வழி இருக்கு, அதாலதான் வந்தனாங்கள்."